நைட்ரோ ஹெலி என்ஜின் சூடு: விரலா, கன்னா?

இரண்டாம்கை50:
வணக்கம். 50 சைஸ் நைட்ரோ ஹெலி (ரேடியோவில் ஓட்டும் மாடல் ஹெலிகாப்டர்) ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி மூன்று வாரம் ஆகிறது. எரிபொருள் 20 சதவீத நைட்ரோமீத்தேன், மீதியில் பெரும்பகுதி மெத்தனால். ஹோவரில் (ஒரே இடத்தில் அந்தரத்தில்) அழகாக நிற்கிறது. ஆனால் மேலே ஏற்றினால் பாதி வழியில் என்ஜின் சோர்ந்துவிடுகிறது. இறக்கிய பிறகும் ஐடிலுக்கு (மெதுவான ஓட்டத்துக்கு) வராமல் கொஞ்ச நேரம் உயர்ந்த சத்தத்திலேயே அடம்பிடிக்கிறது. சரி, சூட்டைப் பார்ப்போம் என்று டெம்பரேச்சர் கன் ஒன்று வாங்கினேன். (கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டிய வகை இல்லை, ஒர்க் ஷாப் வகை.) இறக்கிய கையோடு என்ஜினின் மேல்தலையில், அதாவது ஹெட்டில், காட்டினால் 71 டிகிரி செல்சியஸ். "71 என்றால் ரிச் (கலவையில் எரிபொருள் அதிகம்), மெயின் நீடிலை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் முதன்மை ஊசித் திருகு) இன்னும் இரண்டு க்ளிக் மூடு" என்கிறார் களத்தில் ஒருவர். மூடலாமா?

வெண்புகை:
மூடாதீர்கள் தம்பி. ஏற்றத்தில் சோர்வு, இறக்கியபின் ஐடில் தொங்கல், இரண்டுமே லீனுக்கு (எரிபொருள் குறைந்த கலவைக்கு) அடையாளம். ரிச்சாக ஓடும் என்ஜின் குளறும், ஆனால் பின்னால் நல்ல புகை விட்டுக்கொண்டே குளறும். உங்கள் ஹெலி ஏறும்போது புகை கோடு தெரிகிறதா? அதைச் சொல்லாமல் 71 என்று எண்ணைச் சொல்கிறீர்கள்.

நான் 20 வருடமாக கன் வாங்கியதில்லை. இறக்கு, என்ஜினை நிறுத்து, ரோட்டார் முழுக்க நிற்கட்டும், அப்புறம் ஃப்ரேமுக்குள் விரலை விட்டு பேக்பிளேட்டை (என்ஜினின் பின்மூடியை) தொடு. மூன்று எண்ணும் வரை தாங்கினால் சரி. தொட்டதும் கை தானாகத் துள்ளினால் இரண்டு க்ளிக் திற. பத்து எண்ணியும் இதமாக இருந்தால் கொஞ்சம் மூடலாம். முடிந்தது கதை.

லேசர்புள்ளி:
கதை அவ்வளவு சீக்கிரம் முடியாது அண்ணே. உலோகம் 60 டிகிரியைத் தாண்டினால் யாருடைய விரலும் அதில் சில நொடிக்கு மேல் நிற்காது. அதற்கு மேல் 75-ஆ, 95-ஆ என்று விரலுக்குத் தெரியாது, "சுடுது" என்று மட்டும்தான் சொல்லும். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் தெரு டீ மாஸ்டர் கொதிக்கிற பாய்லர் மூடியை வெறுங்கையால் தூக்குவார். அவர் ட்யூன் செய்தால் எல்லா என்ஜினும் லீனாகத்தான் முடியும்.

ஆனால் 71-ஐ நம்பாதே என்பதில் அண்ணன் சொல்வது சரி. கன் பொய் சொல்லவில்லை, காட்டிய இடம்தான் தப்பு. பளபளப்பான அலுமினியம் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுவது ரொம்பக் குறைவு. மலிவான கன்கள் பரப்பு மங்கலாக, கறுப்பாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு (0.95 என்ற நிலையான அளவில்) கணக்குப் போடுபவை. பளபள ஹெட்டைக் காட்டினால் உண்மையைவிடக் கீழேதான் காட்டும். ஹெட்டின் ஓரத்தில் பொட்டு அளவுக்கு வெப்பம் தாங்கும் மேட் கறுப்பு பெயின்ட் வையுங்கள். அடுப்பில் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் பாதி பக்கம் கரி பூசி இரண்டு பக்கமும் காட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

இன்னொன்று. லேசர் புள்ளி சுட்டுவிரல்தான், அளப்பது அதைச் சுற்றிய வட்டம். 12:1 (தூரத்துக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம்) என்று போட்ட கன்னை 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 2.5 செ.மீ. வட்டம். ஹெலியில் ஹெட்டைச் சுற்றி பிளாஸ்டிக் ஷ்ரௌட் (ஃபேன் காற்றைத் திருப்பும் உறை) இருக்கிறது. பாதி வட்டம் பிளாஸ்டிக்கில் விழுந்தால் நீங்கள் அளந்தது இரண்டின் சராசரி.

வெண்புகை:
பெயின்ட், வட்டம், சராசரி! நான் பேக்பிளேட்டைத் தொடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் எரிபொருள் கலவை முதலில் கிராங்க்கேஸுக்குள் (என்ஜினின் அடிப்பகுதி, பேக்பிளேட் அதன் மூடி) வந்துதான் மேலே போகிறது. மெத்தனால் ஆவியாகும்போது நிறையச் சூட்டை எடுத்துக்கொள்ளும், அதே எடை பெட்ரோலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கலவை ரிச்சாக இருக்கும் வரை உள்ளே ஈரத்துணி சுற்றிய பானை மாதிரி. லீனானால் அந்தக் குளிர்ச்சி போய்விடும், பேக்பிளேட் உடனே காட்டிக்கொடுக்கும். ஹெட்டோ ஃபேன் காற்றில் நிற்கிறது. இறக்கி ஐடிலில் கொஞ்சம் விட்டாலே ஆறிவிடும்.

லேசர்புள்ளி:
ஆறுவது ஹெட். பேக்பிளேட் நேர் எதிர். என்ஜினை நிறுத்தினால் ஃபேனும் நிற்கும், எரிபொருள் குளிர்ச்சியும் நிற்கும், மேலே இருந்த சூடு கீழே இறங்கும். நீங்கள் ரோட்டார் நிற்கக் காத்திருக்கும் நேரத்தில் பேக்பிளேட் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் 15 நொடியில் தொடுவீர்கள், மறுநாள் பேச்சுக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துத் தொடுவீர்கள். அதே என்ஜின், இரண்டு தீர்ப்பு.

வெண்புகை:
பேச்சுக் கொடுப்பது உண்மைதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ரோட்டார் சுற்றும்போது கை விடுவதைவிட ஒரு நிமிடம் தாமதமாகத் தொடுவது மேல். புதியவர்கள் படிக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சென்சார்தம்பி:
இரண்டு பேரும் தரையில் நின்றுகொண்டே சண்டை போடுகிறீர்கள். மெயின் நீடில் பேசுவது முழு பவரில். ஹோவரில் அதன் பங்கைவிட ஐடில் ஊசியின் பங்கு அதிகம், சில கார்புரேட்டரில் நடு ஊசியும் சேர்ந்துகொள்ளும். ஹோவர் செய்து இறக்கி அளந்துவிட்டு மெயினைத் திருகுவது, சாம்பாரில் உப்பு கூடியதற்கு ரசத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. ஹெட்டில் சென்சார் கட்டி டெலிமெட்ரியில் (பறக்கும்போதே ரேடியோவுக்கு வரும் அளவுகளில்) பாருங்கள். ஏற்றத்தின்போது எவ்வளவு தொட்டது என்பது ரேடியோவிலேயே பதிவாகும்.

லேசர்புள்ளி:
சென்சார் கம்பி அதிர்வில் தளர்ந்தால் அதுவும் சும்மா ஓர் எண்தான். தவிர, உலோகம் சூடேறியபிறகுதானே சென்சாருக்குத் தெரியும்? அதற்குள் ஏற்றம் முடிந்திருக்கும். ஆனால் எந்த ஊசிக்கு எந்த நேரத்தில் அளப்பது என்பதில் தம்பியுடன் ஒத்துப்போகிறேன்.

ஊட்டிக்காற்று:
இடையில் ஒரு வார்த்தை. மதியம் இரண்டு மணிக்கு ட்யூன் செய்த ஊசியை அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அப்படியே ஓட்டாதீர்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி, அதே ஊசி லீனாகிவிடும். மலைக்குக் கொண்டுவந்தால் தலைகீழ், காற்று மெலிந்து ரிச்சாகும். என் நோட்டில் டிகிரிக்குப் பக்கத்தில் நேரமும் வானிலையும் எழுதியிருக்கும்.

வெண்புகை:
இதற்கு லைக் போட இடம் இருந்தால் இரண்டு போடுவேன். @இரண்டாம்கை50, புகை கோடு என்ன ஆயிற்று? பிளக்கையும் (எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்) கழற்றிப் பாருங்கள். பிளாட்டினக் கம்பி ஈரமாக மின்னினால் நல்லது. சாம்பல் பூத்து நெளிந்திருந்தால் என்ஜின் வெந்துகொண்டிருக்கிறது.

இரண்டாம்கை50:
ஞாயிறு களத்துக்குப் போய் வந்தேன். மெயினை மூன்று க்ளிக் திறந்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். கறுப்புப் பொட்டும் வைத்தேன். முழு டேங்க், இரண்டு நிமிடம் ஹோவர், நான்கு ஏற்றம், உடனே இறக்கி 10 நொடிக்குள்: 104. பேக்பிளேட் விரலில் ஐந்து எண்ணினேன். புகை கோடும் தெரிந்தது. ஆனால் மீதி டேங்கில் திரும்ப ஏற்றி, அதே நான்கு ஏற்றம் செய்து இறக்கினால் 131! விரல் துள்ளியது. புகை காணாமல் போயிருந்தது. ஊசியைத் தொடவே இல்லை. பிளக் கம்பி லேசாகச் சாம்பல்.

வெண்புகை:
டேங்க் குறையக் குறைய சூடு ஏறுகிறதா? ஊசியை விடுங்கள். டேங்கைக் கழற்றி உள்ளே க்ளங்க் குழாயை (எடை கட்டிய நுனியால் எரிபொருளை உறிஞ்சும் நெகிழ் குழாயை) பாருங்கள். மஃப்ளரிலிருந்து டேங்குக்கு அழுத்தம் தரும் பிரஷர் குழாயையும்.

இரண்டாம்கை50:
க்ளங்க் குழாய்தான். பித்தளைக் குழாயில் மாட்டும் இடத்தில் நகக்கீறல் அளவுக்கு விரிசல். வளைத்தால்தான் தெரிகிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது விரிசல் எரிபொருளுக்குள் மூழ்கி இருக்கிறது, பாதி இறங்கியதும் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது. புதுக் குழாய் போட்டேன். இன்று முழு டேங்கில் 105, அடி டேங்கில் 109. ஏற்றத்தில் சோர்வு இல்லை. அந்த இரண்டு க்ளிக்கை மூடியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும்.

லேசர்புள்ளி:
104, 131 என்று எண் இருந்ததால்தான் பிடிபட்டது. கன்னுக்கு ஒரு வெற்றி.

வெண்புகை:
விரலும் துள்ளியது என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படிக்கவில்லையா? கறுப்புப் பொட்டு வைத்த கைக்குத் திருஷ்டி படாமல் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு களத்துக்கு அந்தக் கன்னைக் கொண்டுவாருங்கள், என் 90 சைஸ் ஹெலியில் ஒரு தடவை காட்டிப் பார்க்கணும். சும்மாதான்.