ரிட்டயர் ஆகுற நர்ஸம்மாவுக்கு பாராட்டு விழா, என்ன பேசலாம்?

கேள்வி: எங்க ஊர் துணை சுகாதார நிலையத்துல வேலைக்கு சேர்ந்ததுலருந்து இங்கயே இருந்த வி.எச்.என். (கிராம சுகாதார நர்ஸ்) அம்மா இந்த மாசம் ரிட்டயர் ஆகுறாங்க. மேடையில என்ன பேசலாம்? ஊசி போடுறவங்கன்னு மட்டும்தான் நிறைய பேருக்கு தெரியும்.

பதில் 1: தம்பி, 5000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைன்னா 3000, அத்தனை வீடும் ஏறி இறங்கினவங்க. கர்ப்பம்னு தெரிஞ்சதும் பிக்மி நம்பர் (கர்ப்பிணிகளுக்கான அரசு பதிவு எண்) போடுறது, பிபி, ஹீமோகுளோபின் பாக்குறது, பொறந்தப்புறம் 6, 10, 14வது வாரம் தடுப்பூசிக்கு வீடு தேடி வந்து கூப்பிடுறது எல்லாம் அவங்கதான், இத மொதல்ல சொல்லுங்க.

பதில் 2: ஐஸ்பேக் வச்ச தடுப்பூசி பெட்டிய தோள்ல மாட்டிக்கிட்டு வரப்பு மேலயே நடந்து வருவாங்க எங்க நர்ஸம்மா. 2014ல போலியோ இல்லன்னு இந்தியாவுக்கு சர்டிபிகேட் குடுத்தாங்கல்ல, அது இவங்கள மாதிரி ஆளுங்க உழைப்பு.

பதில் 3: வெறும் சால்வை போட்டு அனுப்பிடாதீங்க அண்ணா. அவங்க கையில பொறந்த புள்ளைங்களையும் மேடையேத்துங்க.