கேஸ் வருகிறது, அடுப்புதான் பற்றவில்லை: சாண எரிவாயுக் கலன், பாலக்கோடு பக்கம்

கேட்பவர் (பாலக்கோடு)

வணக்கம். எங்கள் வீட்டில் 2 கனமீட்டர் தீனபந்து வகைச் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது, மேலே குவிமாடம் வைத்துக் கட்டியது. ஆறு வருடமாக ஒரு குறையும் இல்லை. நான்கு மாடுகள். காலையில் சாணத்தை அள்ளி, அதே அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றுவோம். இரண்டு வேளைச் சமையலும் அதிலேயே முடிந்துவிடும்.

பத்து நாளாகத் தகராறு. வால்வைத் திறந்தால் உஸ்ஸென்று கேஸ் வருகிறது. தீக்குச்சி வைத்தால் ஒரு நொடி பற்றி அணைந்துவிடுகிறது. எப்போதாவது நின்றாலும் குபுக் குபுக்கென்று குதிக்கிறது. கேஸே வராவிட்டால் எங்கோ ஓட்டை என்று நினைக்கலாம். வருகிற கேஸ் ஏன் எரியவில்லை? அம்மா மறுபடி விறகடுப்புக்குப் போய்விட்டார். அவருக்கு இளைப்பு உண்டு. ராத்திரி முழுக்க இருமுகிறார், கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

கொத்தனார் (பாரூர்)

தம்பி, முதலில் ஸ்லரி, அதாவது கலனுக்குள் இருக்கும் சாணக் கரைசல், வெளியே வரும் தொட்டியை விடியற்காலையில் பாருங்கள். கேஸ் சேரச்சேர அது கரைசலை அழுத்தி அந்தத் தொட்டிக்குத் தள்ளும். காலையில் மட்டம் ஏறியிருந்தால் குவிமாடத்தில் ஓட்டை இல்லை என்று அர்த்தம். குழாய் இணைப்புகளுக்குச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சியைக் கொண்டுபோகவே கூடாது.

குதிப்பதற்குக் காரணம் தண்ணீர். கேஸோடு ஈரமும் வரும், இந்த மார்கழிக் குளிரில் குழாய்க்குள்ளேயே தண்ணீராகித் தேங்கும். குழாயின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு வைத்திருப்பார்கள். அதைத் திறந்துவிடுங்கள்.

கேட்பவர்

பார்த்தேன் அண்ணா. மட்டம் நன்றாக ஏறியிருக்கிறது. நுரையிலும் குமிழி வரவில்லை. திருகைத் திறந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது, குதிப்பது நின்றுவிட்டது. ஆனால் தீ இன்னும் அணைகிறது.

மாட்டுக்காரர் (தளி)

அப்படியானால் கேஸின் தரம்தான் கெட்டிருக்கிறது. சாணம் தவிர வேறு ஏதாவது கொட்டினீர்களா?

கேட்பவர்

தக்காளி போட்டோம் ஐயா. ராயக்கோட்டைச் சந்தையில் பறிப்புக்கூலிகூடத் தேறவில்லை. ரோட்டோரம் கொட்ட மனசு வரவில்லை, கேஸாவது கூடுமே என்று இரண்டு வாரம் தினம் இரண்டு பெட்டி மிதித்துப் போட்டோம். முதல் நாலு நாள் கேஸ் கூடத்தான் செய்தது.

மாட்டுக்காரர் (தளி)

காரணம் அதுதான். உள்ளே இரண்டு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. ஒன்று போட்டதைப் புளிக்கவைத்து அமிலமாக்கும், இன்னொன்று அந்த அமிலத்தைத் தின்று, எரிகிற வாயுவான மீத்தேனைத் தரும். தக்காளி சீக்கிரம் புளிக்கும். முதல் கூட்டம் வேகமாக ஓட, இரண்டாவது மெதுவாகத்தான் பெருகும், குளிரில் இன்னும் மந்தம். அமிலம் கூடினால் அது வேலையையே நிறுத்திவிடும். நல்ல கேஸில் 55 முதல் 65 சதவீதம் மீத்தேன் இருக்கும். உங்களுக்கு இப்போது வருவது பெரும்பாலும் கரியமில வாயு. அது தொட்டியை அழுத்தும், எரியாது.

ஸ்லரியை முகர்ந்து பாருங்கள், புளித்த மாவு வாடை அடிக்கும். புளிப்பைக் காட்டும் பிஎச் தாள் கிடைத்தால் நனைத்துப் பாருங்கள், 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும், குறையக் குறையப் புளிப்பு அதிகம். தக்காளியை அடியோடு நிறுத்துங்கள். நான்கைந்து நாள் எதுவும் ஊற்றாதீர்கள். எரியாத கேஸை அடுப்பில் திறந்துவிடாமல், திறந்த வெளியில் விடுங்கள். அப்புறம் நன்றாக ஓடும் கலன் யாரிடமாவது இருந்தால் நாலு குடம் ஸ்லரி வாங்கி ஊற்றுங்கள், அதில்தான் நமக்கு வேண்டிய நுண்ணுயிர் இருக்கிறது. பிறகு பாதிச் சாணத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள்.

கொத்தனார் (பாரூர்)

தம்பி, தொட்டியைக் கிளறுவதானால் வெளியே நின்று நீளக் கழியால் கிளறுங்கள். யாரும் உள்ளே இறங்க வேண்டாம். அங்கே மூச்சுக்குக் காற்று இருக்காது, ஒருவரைத் தூக்கப்போய் இரண்டாமவரும் விழுந்துவிடுவார்.

கேட்பவர் (பதினாறு நாள் கழித்து)

ஐயா சொன்னது அப்படியே. தாள் 6-க்கும் கீழே காட்டியது, இப்போது 7-ஐ ஒட்டி நிற்கிறது. பக்கத்து ஊரில் ஒரு அக்கா வீட்டிலிருந்து ஸ்லரி கொண்டுவந்து ஊற்றினோம். இன்று காலை ஒன்றேகால் மணி நேரம் நீலமாக நின்று எரிந்தது. அம்மா மிச்ச விறகைக் கொட்டகைப் பரணில் ஏற்றச் சொல்லிவிட்டார். உங்கள் இருவருக்கும் நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். வெளியே வந்த புளித்த ஸ்லரியை மல்பெரிக்கு விடலாமா?

மாட்டுக்காரர் (தளி)

நேராக வேருக்கு விடாதீர்கள். குழியில் சருகும் பட்டுப்புழு எச்சமும் போட்டு அதன்மேல் ஊற்றி மக்கவிடுங்கள், புளிப்பு போய்விடும். இன்னும் தக்காளி மிஞ்சினால் அதையும் அந்தக் குழியிலேயே போட்டுவிடுங்கள்.