மேக்கப் சங்கக் கார்டு விண்ணப்பத்தில் தாராவி முகவரியை எழுதலாமா?

தொண்ணூறடி ரோட்டுக்காரி:
பிறந்து வளர்ந்தது மும்பை தாராவி. அப்பா திருநெல்வேலியிலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். ஆறு வருடமாகக் கல்யாண மேக்கப் செய்கிறேன். போன மாதம் கோரேகாவில் ஒரு சீரியலில் இரண்டு நாள் வேலை கிடைத்தது. பெட்டியைத் திறப்பதற்குள், "முடி அலங்காரம்தானே?" என்றார்கள். மேக்கப் என்றேன். குடும்பப் பெயர் கேட்டார்கள். அப்பா பெயர்தான் என்றதும், எந்த ஏரியா என்றார்கள். கதாநாயகி பக்கமே விடவில்லை. வேலைக்காரியாக நடிக்க வந்த சிவப்பான பெண்ணுக்குக் கறுப்புப் பூசச் சொன்னார்கள். "உன் கை நிறத்துக்குக் கொண்டுவந்தால் போதும்" என்றார் மேற்பார்வையாளர்.

இப்போது சினிமா, சீரியல் மேக்கப் கலைஞர்கள் சங்கத்தில் உறுப்பினர் கார்டு எடுக்கப் போகிறேன். தாராவி என்று எழுதாதே, வசதியானவர்கள் இருக்கும் மாட்டுங்காவில் உள்ள சித்தி வீட்டு முகவரியைக் கொடு என்கிறாள் தோழி. கொடுக்கலாமா?

பழைய சீப்பு:
கொடுக்காதே தங்கச்சி. ஆதாரோடு ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்வாய். எனக்கும் மேக்கப் தெரியும். ஆனால் அந்தக் கார்டு ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குச் சீப்புதான் என்று இங்கே சங்க விதியே இருந்தது. சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மகாராஷ்டிரத்தில் ஐந்து வருடம் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு போயிற்று. அன்று சீப்பை வீசி எறிந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் யாருக்கோ கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சயான் வாசி:
திறமை இருந்தால் முகவரியை யார் பார்க்கிறார்கள்?

நாகர்கோவில் பேத்தி:
பார்ப்பார்கள் ஐயா. மலையாளத்தின் முதல் கதாநாயகி பி. கே. ரோசி தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகவே ஊரைவிட்டு விரட்டினார்கள். எங்கள் பக்கம் வந்து, வேறு பெயரில், நடித்த கதையையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்து முடித்தார். அவருக்குத் திறமை இல்லையா?

தொண்ணூறடி ரோட்டுக்காரி:
ஆதார் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. தாராவி என்றே எழுதுகிறேன். அதே மேற்பார்வையாளர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். வேடமும் அதே வேலைக்காரிதான். முன்பணம் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?

பழைய சீப்பு:
கோபித்தால் கோபிக்கட்டும், கேள். சீரியலில் 90 நாள் கழித்துத்தான் பணம் வரும். பெட்டிச் செலவையாவது முதலிலேயே வாங்கிவிடு. அந்தக் கறுப்புப் பூச்சும் உன் காசில் வாங்கியதுதானே?