சிரப் கணக்கில் 20 மி.லி. வருகிறது, எங்கே தப்பு?

பெகு பொண்ணு:
ரங்கூனில் நர்ஸிங் முதல் வருஷம் படிக்கிறேன். நேற்று டெஸ்டில் ஒரு கணக்குக்கு முட்டை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது. மூன்று வயதுப் பையன், எடை 33, பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. நான் 33-ஐ 15-ஆல் பெருக்கி 495 எடுத்து, அதை 120-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினேன், 20.6 மி.லி. வந்தது. ஃபார்முலா புத்தகத்தில் உள்ளபடியேதான் போட்டேன். அப்புறம் டிரிப் சொட்டுக் கணக்கும் மண்டையில் ஏறவே இல்லை, 500 மி.லி. 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

வார்டு அக்கா:
33 என்னம்மா? மூன்று வயதில் 33 கிலோ என்றால் அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கேள்வித்தாளில் அந்த 33-க்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது பார்.

பெகு பொண்ணு:
ஐயோ. பவுண்டு.

வார்டு அக்கா:
அதேதான். நம் ஊரில் வெங்காயம் வீசையில், ஆள் எடை பவுண்டில், மருந்து மட்டும் கிலோவில். மூன்றும் ஒரே நாளில் வாயில் வரும், குழம்பாமல் என்ன செய்யும். 2.2-ஆல் வகு, 15 கிலோ. 15 தடவை 15, 225 மி.கி. சிரப்பில் 9.4 மி.லி. நீ போட்டது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஃபார்முலாவைக் குறை சொல்லாதே, அது போட்டதைத்தான் திருப்பிக் கொடுக்கும். விடை வந்ததும் ஸ்பூனில் நினைத்துப் பார்: ஒரு டீஸ்பூன் 5 மி.லி., 20 மி.லி. என்றால் நான்கு ஸ்பூன், அந்தக் குழந்தை ஒரே வேளையில் குடிக்குமா? பாரசிட்டமால் கூடிப்போனால் கல்லீரலுக்குத்தான் அடி, அதுவும் முதல் நாள் ஒன்றும் வெளியே தெரியாமல் இருக்கும். வேளைக்கு வேளை குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, பாட்டிலைப் படி. நான் படிக்கும் காலத்தில் 120 என்று நினைத்துக் கணக்குப் போட்டு 9 மி.லி. சிரிஞ்சில் எடுத்துவிட்டேன், கையில் இருந்தது 5 மி.லி.யில் 250 உள்ள பாட்டில். லேபிள் ஒரே நிறம். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சொட்டு மாமா:
அக்கா சொன்னதோடு ஒரு குறுக்கு வழி. முதலில் 1 மி.லி.யில் எவ்வளவு என்று பார்த்துவிடு. 120-ஐ 5-ஆல் வகுத்தால் 24 மி.கி. 225-க்கு 24 எத்தனை தடவை? ஒன்பது சொச்சம். எனக்கு ஃபார்முலாவே மறந்துபோய்விட்டது, இதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

டிரிப்புக்கு வா. செட்டின் உறையில் 1 மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருப்பான், 20 என்று வை. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் மொத்தம் 10,000 சொட்டு. 4 மணி என்பது 240 நிமிஷம். வகுத்தால் 41.7, நிமிஷத்துக்கு 42 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்குப் பத்து பதினொன்று விழுகிறதா என்று எண்ணு. குழந்தைகளுக்குப் போடும் சின்னச் சொட்டு செட்டில் 1 மி.லி.க்கு 60 சொட்டு, அதில் கணக்கே வேண்டாம், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. ஆனால் உன் கேள்விக்கு அது ஆகாது, மணிக்கு 125 மி.லி., நிமிஷத்துக்கு 125 சொட்டை யார் எண்ணுவது.

வார்டு அக்கா:
சரி, ஒன்று போட்டுக் காட்டு. 28 பவுண்டு, அதே 15 மி.கி., 250 பாட்டில்.

பெகு பொண்ணு:
12.7 கிலோ. 190 மி.கி. கிட்ட. 1 மி.லி.யில் 50. அப்போ 3.8 மி.லி., ஒரு ஸ்பூனுக்கும் குறைவு. சரியா அக்கா?

வார்டு அக்கா:
சரி. டெஸ்டில் 12.7-க்குப் பக்கத்தில் கிலோ என்று எழுது, அதையும் விட்டுவிடாதே.