உதவி: ‘கேரளா ஃபைன்’ என்று வந்த ஏபிகே ஃபைலை அப்பா இன்ஸ்டால் செய்துவிட்டார். முதலில் எதைச் செய்வது?

வேன்வீடு (கம்பம்):
அப்பாவுடையது டிஎன்-60 டெம்போ டிராவலர். சபரிமலை சீசன் என்பதால் குமுளி, வண்டிப்பெரியார், எருமேலி வழியாக தினமும் ஓட்டம். இன்று காலை 10 மணி வாக்கில் வாட்ஸ்அப்பில் கேரளா ஃபைன் கட்டச் சொல்லி ‘ஆர்டிஓ சலான்’ என்று ஒரு ஏபிகே ஃபைல் (ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேராக ஆப்பைப் போடும் ஃபைல்) வந்தது. எங்கள் வண்டி நம்பர் சரியாகப் போட்டிருந்ததால் நம்பி இன்ஸ்டால் செய்துவிட்டார். எஸ்எம்எஸ் அனுமதி கேட்டதற்கும் ஓகே கொடுத்திருக்கிறார். பிறகு ஐகானையே காணோம்.
போன்: ஆண்ட்ராய்டு 13. இரண்டு சிம் (தமிழ்நாடு ஒன்று, கேரளா ஒன்று). பேங்க் கணக்கோடு சேர்ந்திருப்பது தமிழ்நாடு சிம். ஜிபே இருக்கிறது. இதுவரை பணம் போகவில்லை. கிறிஸ்துமஸ் லீவு, பேங்க் கிளையும் பூட்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

ஏலக்காய்66 (குமுளி):
ஆப்பை டெலீட் பண்ணிட்டு ஒரு ஆண்டிவைரஸ் போட்டு ஸ்கேன் பண்ணுங்க, அவ்வளவுதான்.

லோயர்கேம்ப்:
அவசரப்படாதீங்க அண்ணே, டெலீட் கடைசி வேலை. வேன்வீடு தம்பி, இந்த வரிசையில் போங்க.

முதலில் இரண்டு சிம்மையும் கழற்றுங்கள். வைஃபையையும் தனியாக அணையுங்கள். ஏரோபிளேன் மோடு போட்டாலும் சில போன்களில் வைஃபை ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மாதிரி ஏபிகேவின் வேலையே வருகிற எஸ்எம்எஸ்ஸைப் படித்து வெளியே அனுப்புவது. நாமாக ஓடிபி சொல்ல வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. இன்னொன்றும் உண்டு: யுபிஐ ஆப்பை ஒரு போனில் பதிவு செய்ய, அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். அனுப்பும் அனுமதியும் ஏபிகேவுக்குக் கிடைத்துவிட்டால், எங்கோ இருப்பவன் உங்கள் நம்பரைத் தன் போனில் பதியப் பார்ப்பான். புது யுபிஐ பின் வைக்க டெபிட் கார்டின் கடைசி 6 எண்ணும் முடிவுத் தேதியும், இல்லையென்றால் ஆதார் ஓடிபியும் வேண்டும். அதற்காகத்தான் ‘1 ரூபாய் கட்டி சரிபார்க்கவும்’ என்று ஒரு பக்கம் காட்டுவார்கள். அந்தப் பக்கத்தில் அப்பா கார்டு நம்பரோ பின்னோ அடித்தாரா என்று பொறுமையாகக் கேளுங்கள். திட்டினால் உண்மை வராது.

சிம்களை ஒரு பட்டன் போனில் போடுங்கள். கேரளா சிம்மை மறந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்போ ஜிமெயிலோ அந்த நம்பரில் இருக்கலாம்.

அடுத்தது பேங்க். கிளை பூட்டியிருந்தால் என்ன, கார்டை முடக்கும் நம்பர் 24 மணி நேரமும் உண்டு. கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்கள். கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடி எடுக்கவே எடுக்காதீர்கள், அங்கே அடுத்த கூட்டம் காத்திருக்கும். கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி நிறுத்துங்கள். கார்டை முடக்கினால் யுபிஐயும் தானாக நிற்காது. புகார் எண், நேரம், இரண்டையும் எழுதி வையுங்கள்.

மிளகுக்கொடி (வண்டிப்பெரியார்):
அந்த நேரத்தைக் குறிப்பது ஏன் முக்கியம் என்றால், 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, நம் கவனக்குறைவால் போன பணமாக இருந்தால் பேங்க்கில் சொல்லும் வரை நஷ்டம் நமக்கு. சொன்ன பிறகு போனால் பேங்க் பொறுப்பு. நம் தப்பும் இல்லை, பேங்க் தப்பும் இல்லை என்றால், தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமே இல்லை. ஏபிகேவை நாமே போட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று வாதாடுவதைவிட, இப்போதே கூப்பிடுவது நல்லது.

வேன்வீடு:
கார்டு விவரம் எதுவும் அடிக்கவில்லையாம். பட்டன் போனில் சிம் போட்டதும் மூன்று ஓடிபி வரிசையாக வந்தது, நாங்கள் எதையும் கேட்கவில்லை. கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ எல்லாம் நிறுத்தியாச்சு. ஆப் லிஸ்டில் பெயரே இல்லாத ஒன்று இருக்கிறது, ஆனால் அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருக்கிறது.

லோயர்கேம்ப்:
சிம் இல்லாததால் அந்த மூன்றும் அவன் கைக்குப் போகவில்லை. நல்லவேளை.

இப்போது போன். எதையும் நீக்கும் முன் வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, அனுப்பிய நம்பர், ஃபைல் பெயர், இந்த ஆப் பக்கம், எல்லாவற்றையும் இன்னொரு போனால் படம் எடுங்கள். புகாருக்கு அதுதான் சாட்சி.

பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் ‘பவர் ஆஃப்’ மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் சேஃப் மோடு கேட்கும். அதில் வெளியிலிருந்து போட்ட ஆப் எதுவும் ஓடாது. பட்டன் மங்கலாக இருப்பதற்குக் காரணம், அந்த ஆப் டிவைஸ் அட்மின் உரிமை வாங்கியிருக்கும். செட்டிங்ஸில் ‘டிவைஸ் அட்மின்’ என்று தேடி அதை அணையுங்கள். அக்சஸிபிலிட்டியிலும் அந்த ஆப் ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். டீஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப் மாறியிருந்தால் பழையதையே வையுங்கள். அப்புறம் அன்இன்ஸ்டால் வேலை செய்யும். ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’ பகுதியில் வாட்ஸ்அப்புக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிடுங்கள், அந்தக் கதவு வழியாகத்தான் இது உள்ளே வந்தது.

அதோடு விட்டுவிடக் கூடாது. போட்டோக்களை மட்டும் எடுத்துவைத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது) செய்யுங்கள். ரீசெட்டுக்கு முன் அப்பாவின் கூகுள் பாஸ்வேர்டு தெரியுமா என்று பாருங்கள். தெரியாமல் ரீசெட் அடித்தால் போன் பழைய கணக்கைக் கேட்டு அப்படியே நின்றுவிடலாம். பாஸ்வேர்டை வேறு போனில் மாற்றி, கூகுள் கணக்கில் ‘யுவர் டிவைசஸ்’ பார்த்து தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். ஆப்களை ப்ளே ஸ்டோரிலிருந்து புதிதாகவே எடுங்கள். பழைய ஏபிகேக்களைப் பக்கத்து போனிலிருந்து ஷேர் வாங்க வேண்டாம்.

ஏலக்காய்66:
சரி, டெலீட் மட்டும் போதும்னு சொன்னது தப்புதான். தம்பி, கால் ஃபார்வர்டிங்கும் பாத்துடுங்க. போன் ஆப் செட்டிங்ஸ்ல இருக்கும், தெரியாத நம்பர் இருந்தா எடுத்துடுங்க. ஓடிபிய கால்ல கேக்குற வழியும் இருக்குல்ல.

வேன்வீடு:
இன்னொரு சிக்கல். டிரைவர்கள் குரூப்பில் அப்பா நம்பரிலிருந்தே அதே ஃபைல் போயிருக்கிறதாம்.

மிளகுக்கொடி:
குரூப்பில் உடனே வேறு நம்பரிலிருந்து வாய்ஸ் மெசேஜ் போடுங்கள், எழுத்தை யாரும் படிக்க மாட்டார்கள். சுத்தமான போனில் வாட்ஸ்அப் போட்டு அதே நம்பரால் உள்ளே போங்கள். மற்றவன் தானாக வெளியேறிவிடுவான். ‘லிங்க்டு டிவைசஸ்’ முழுக்க லாக் அவுட். 6 இலக்க டூ ஸ்டெப் பின் வையுங்கள். நீங்கள் வைக்காத பின்னை அது கேட்டால் அவன் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். 7 நாள் காத்திருந்தால் பின் இல்லாமலே உள்ளே போகலாம், அதுவரை அவனாலும் பயன்படுத்த முடியாது.

பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கையில் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் இருக்க வேண்டும். போகாவிட்டாலும் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார் கொடுக்கலாம். ‘இது கேரளா சமாச்சாரம், அங்கே போ’ என்று ஸ்டேஷனில் சொன்னால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173வது பிரிவைச் சொல்லுங்கள். எல்லை பார்க்காமல் எந்த நிலையமும் புகாரை வாங்க வேண்டும். குமுளி செக்போஸ்ட்டின் இரண்டு பக்கத்துக்கும் இது பொருந்தும்.

லோயர்கேம்ப்:
நம் ஏரியாவில் இந்தத் தூண்டிலில் ஏன் இவ்வளவு பேர் சிக்குகிறார்கள் என்றால், கேரளாவில் 2023 ஜூன் 5 முதல் ஏஐ கேமரா அபராதம் நிஜமாகவே வருகிறது. அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நிஜ சலான் ஏபிகேவாக வராது. அரசு எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயர் முடிவில் ‘-ஜி’ (G) என்ற ஆங்கில எழுத்து இருக்கும். சரிபார்க்க இசலான் டாட் பரிவாஹன் டாட் ஜிஓவி டாட் இன். கையால் அடித்துப் போங்கள். வண்டி எண்ணோடு எஞ்சின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி 5 எழுத்து கேட்கும், ஆர்சியில் இருக்கும். முகவரியின் நடுவில் ‘பரிவாஹன்’ இருந்தால் மட்டும் போதாது, முடிவு ஜிஓவி டாட் இன் ஆக இருக்க வேண்டும். சபரிமலை விர்ச்சுவல் க்யூவுக்கும் இதே பழக்கம்தான்: தேவஸ்வம் போர்டு தளத்துக்கு நேராகப் போங்கள், குரூப்பில் வரும் லிங்க் வேண்டாம்.

வேன்வீடு:
ரீசெட் முடிந்தது, வாட்ஸ்அப் திரும்பிவிட்டது, பின் கேட்கவில்லை. சலான் தளத்தில் பார்த்தோம். நிஜமாகவே ஒன்று இருக்கிறது! சீட் பெல்ட், 500 ரூபாய்.

ஏலக்காய்66:
அத அந்த சைட்டுலயே கட்டுங்க தம்பி. ரசீத டவுன்லோட் பண்ணி வண்டில வைங்க.