கடல் எதிரொலிக்கிடையே சிறு படகுகளைக் கண்டறிதல்: ஆலோசனை வேண்டும்

வணக்கம். கடல் அலைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்கிடையே, கடலோர ரேடார் தரவில் சிறு படகுகளைக் கண்டறியும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். அண்டைக் கட்டங்களின் (தொலைவு வாரியாகப் பிரித்த சிறு பகுதிகளின்) சராசரியைக் கொண்டு, எதிரொலியைப் படகென ஏற்பதற்கான வரம்பை நிர்ணயிக்கும் சி.ஏ. சிஃபார் (CA-CFAR; பொய் எச்சரிக்கை வீதத்தை மாறாமல் வைக்க முயலும்) முறை, சீரான இரைச்சலில் நன்றாகவே இயங்குகிறது. ஆனால் இரண்டு படகுகள் அருகருகே வந்தால், ஒன்றின் வலுவான எதிரொலி மற்றதன் வரம்பை உயர்த்தி அதை மறைத்துவிடுகிறது. 1983இல் ரேடார் ஆய்வாளர் ரோலிங் முன்வைத்த ஓ.எஸ். சிஃபார் (OS-CFAR) முறைப்படி, சராசரிக்குப் பதிலாக 32 கட்டங்களை ஏறுவரிசைப்படுத்தி 24ஆவது மதிப்பை எடுத்தபோது படகுகள் தனித்தனியே தெரிந்தன. எனினும், கடல் கொந்தளிக்கும்போது எழும் பொய் எச்சரிக்கைகள் (படகில்லாத இடத்தில் படகெனக் காட்டுதல்) குறையவில்லை. கடல் எதிரொலியின் வீச்சு சீரான இரைச்சலுக்குப் பொருந்தும் ராலே பரவலை (ஒரு புள்ளியியல் பரவல்) பின்பற்றாததே காரணம் என்று கருதுகிறேன். கடல் எதிரொலியை விவரிக்கப் பயன்படும் கே-பரவலுக்கேற்ப வரம்பைத் திருத்துவது நல்லதா, அல்லது ஆன்டெனாவின் பல சுழற்சிகளை ஒருங்கிணைப்பது நல்லதா? குறைந்த மாதிரிகளிலிருந்து கே-பரவலின் வடிவ அளவுருவை நம்பகமாக மதிப்பிடும் வழி அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.