அக்கா பிரசவத்துக்கு அம்மாவைப் போர்ட் ஆஃப் ஸ்பெயின் கூட்டிப் போகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்?

தல்லாகுளம் கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா கரீபியன் தீவான ட்ரினிடாடில், போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருக்கிறார். மாமாவுக்குப் பாயின்ட் லீசாஸில் மெத்தனால் ஆலையில் வேலை. அக்காவுக்கு ஆகஸ்ட் கடைசியில் பிரசவ நாள் சொல்லியிருக்கிறார்கள். அம்மா மூன்று மாதம் அங்கே இருந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஜூலை கடைசியில் நான் கூட்டிப் போய், இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்புவேன்.

அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை இருக்கிறது, இரண்டு வேளை இன்சுலின். பிரஷர் மாத்திரையும் உண்டு. அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். அப்பா இணையத்தில் அந்த ஊர்ச் செய்திகளைப் படித்துவிட்டு, துப்பாக்கிச் சூடு, அவசர நிலை என்று தினமும் பயப்படுகிறார். மாமாவோ "அதெல்லாம் ஒன்றுமில்லை, வாங்க" என்கிறார். இரண்டில் எதை நம்புவது? அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

வுட்புரூக் வாசி:

தம்பி, நான் அந்த ஊரில் நான்கு வருடம் இருந்தேன். வுட்புரூக் பகுதியில் வீடு. என் இரண்டாவது மகன் அங்கேதான் பிறந்தான். அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா சொல்வதும் உண்மை, மாமா சொல்வதும் உண்மை. 2024 டிசம்பர் 30 அன்று அவசர நிலை அறிவித்தார்கள், 2025 ஜூலையில் மறுபடியும் அறிவித்தார்கள். கொலைகள் நடக்கின்றன, பெரும்பாலும் கும்பல்களுக்குள்ளே. ஆனால் அந்த நாட்களிலும் நான் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன், சந்தைக்குப் போனேன். எந்தத் தெரு, எந்த நேரம், எந்த வண்டி என்ற மூன்றையும் பார்த்து நடந்தால் அங்கே நிம்மதியாக வாழலாம்.

ஆனால் முதலில் சொல்ல வேண்டியது குற்றத்தைப் பற்றி இல்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. இதை நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இங்கிருந்து போகும்போது யாரும் கேட்காமல் விட்டுவிடலாம். திரும்பி வரும்போதுதான் சிக்கல். மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள இடங்கள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் ட்ரினிடாட் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் அட்டை இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், அந்த ஆறு நாள் முடியும்வரை தனிமையில் வைப்பார்கள். எங்கள் நண்பர் ஒருவரின் மாமியாருக்கு இப்படித்தான் ஆனது. பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு வந்து இறங்கியவரை வீட்டுக்கு விடவில்லை. வெளியே காத்திருந்த மகள் அழுததை இன்றும் சொல்வார்.

அங்கே 1978, 79இல் கடைசியாகப் பெரிய அளவில் பரவியது. காட்டில் உள்ள ஊளைக் குரங்குகளிடம் அந்த வைரஸ் அவ்வப்போது தலைகாட்டும். 2008, 2009இல் குரங்குகள் செத்து விழுந்தன. அதனால்தான் இந்தக் கெடுபிடி.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். 2016இல் விதி மாறியது, இப்போது ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஆனால் அம்மாவுக்கு 64. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் முறை இந்த ஊசி போடும்போது, அபூர்வமாகக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிடக் கூடுதல். ஆகவே நேரே ஊசி போடும் இடத்துக்குப் போகாதீர்கள். முதலில் அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் எல்லா மருந்துகளையும் காட்டிப் பேசுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அடுத்தது கொசு. ஆகஸ்டு அங்கே மழைக்காலம், டெங்குவுக்கு ஏற்ற காலம். 2024இல் கடுமையாகப் பரவியது. என் கணவர் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நம் ஊரில் இருக்கும் அதே ஏடிஸ் கொசுதான், பகலில் கடிக்கும். அதனால் இரவு மட்டும் வலை கட்டினால் போதாது. குழந்தை பகலில் தூங்கும்போதும் வலை வேண்டும். அக்காவை இப்போதிருந்தே பூச்சி விரட்டி மருந்து தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு எது ஆகும் என்று அங்குள்ள மருத்துவர் சொல்வார். பால்கனித் தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, இங்கிருந்து மின்சாரக் கொசு விரட்டியைப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே மின்சாரம் 115 வோல்ட், பிளக் தட்டையான முள். நான் ஆறு வாங்கிக்கொண்டு போனேன், ஒன்றும் சூடாகவில்லை. மிக்ஸியும் அப்படியே.

காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். அங்கே பனடால் என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும். உடல் வலிக்கிறது என்று ஐபுப்ரோஃபென் போட வேண்டாம், ரத்தக்கசிவு ஆகலாம். அம்மா இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் அதைப் பற்றியும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழை வெள்ளத்தில் இறங்கி நடக்கவும் வேண்டாம். ஊரின் தாழ்வான தெருக்களில் ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் நிற்கும். எலிக் காய்ச்சல் அங்கே உண்டு. சர்க்கரை உள்ளவருக்குக் காலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும், தொற்றிவிடும்.

இனி நகரத்துக்கு வருகிறேன். விமான நிலையம் பியார்கோவில், ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. இரவில் இறங்குவதாக இருந்தால் மாமாவே வந்து அழைத்துப் போகட்டும். டாக்ஸி என்றால் நம்பர் பிளேட் 'எச்' என்று தொடங்க வேண்டும். 'பி' என்று தொடங்குவது சொந்தக் கார். அதையும் ஓட்டிச் சவாரி எடுப்பார்கள், அவற்றைப் 'பி எச்' என்பார்கள், ஏற வேண்டாம். பகலில் மேக்ஸி டாக்ஸி என்ற மினிபஸ் நல்லது. ஊருக்குள்ளும் மேற்குப் பக்கமும் மஞ்சள் பட்டை, கிழக்கே போவதற்குச் சிவப்புப் பட்டை. ஏறும்போது "குட் மார்னிங்" சொல்லுங்கள். அங்கே வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் மரியாதை இல்லாதவர் என்று நினைப்பார்கள். சொன்னாலோ, அம்மாவின் பையை வாங்கி வைத்து, இறங்க வேண்டிய இடத்தையும் அவர்களே சொல்வார்கள்.

லாவென்டில், பீத்தம், சீ லாட்ஸ் பகுதிகளுக்குப் போக உங்களுக்கு வேலையே இல்லை. ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து காட்சி அழகாக இருக்கும், பகலில் கூட்டம் இருக்கும்போது போய்விட்டு வாருங்கள். இருட்டிய பிறகு எங்கேயும் காரில் மட்டும்.

அம்மாவுக்கு நடை வேண்டும் இல்லையா? குயின்ஸ் பார்க் சவன்னா இருக்கிறது. அந்தப் பெரிய மைதானத்தைச் சுற்றி வந்தால் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். சாயங்காலம் ஊரே அங்கே நடக்கும், ஓடும். இளநீர் விற்பார்கள். வடக்கே தாவரவியல் பூங்கா, 1818இல் தொடங்கியது, பழைய மரங்களின் நிழல். நானும் நிறைமாதத்தில் தினமும் அங்கேதான் நடந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். மைதானத்துக்கு நடுவே குறுக்கு வழியில் போகாமல் ஓரமாகவே நடங்கள்.

நகை விஷயம். சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கழுத்துச் சங்கிலியை ஊரிலேயே வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் நான்கு வருடமும் இருந்தேன்.

கடைசியாக, ராணுவச் சீருடை போன்ற திட்டுத் திட்டான வண்ணத் துணி எதுவும் வேண்டாம். சட்டை, தொப்பி, பை, குழந்தைத் துணி எதுவானாலும் அங்கே சட்டப்படி தடை.

தல்லாகுளம் கார்த்தி:

அக்கா, மிக்க நன்றி. தடுப்பூசி பற்றி மாமாவுக்கே நினைவில்லை. நேற்று மருத்துவரிடம் போனோம். அம்மாவுக்குப் போடலாமா என்று ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு சொல்கிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பயணத்தையே விட வேண்டியதுதானா? அப்புறம், இன்சுலினை வழியில் எப்படி வைப்பது? அம்மா சாப்பாட்டையும் நினைத்துக் கவலைப்படுகிறார். சைவம்.

கடலோரவாசி:

நான் கப்பல் வேலையில் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குப் பல முறை போயிருக்கிறேன். கார்த்தி, நீங்கள் நிச்சயம் மரக்காஸ் கடற்கரைக்குப் போவீர்கள், எல்லோரும் போவார்கள். அங்கே அலை இழுக்கும். சிவப்புக் கொடி இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். காப்பாளர்கள் இருக்கும் நேரத்தில், அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் குளியுங்கள். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வாருங்கள். எங்களோடு வந்த ஒரு பையன் எதிர்த்து நீந்தி மூச்சடைத்துப் போனான். காப்பாளர்தான் இழுத்து வந்தார். மலைப் பாதை வளைந்து வளைந்து போகும், அம்மாவுக்குத் தலை சுற்றலாம். வழியில் காட்சி பார்க்க வண்டியை நிறுத்தும் இடத்தில் பொழுது சாய்ந்த பிறகு நிற்க வேண்டாம்.

வுட்புரூக் வாசி:

அவர் சொன்னதை அப்படியே கேளுங்கள் தம்பி. நான் கடலைப் பற்றி எழுத மறந்துவிட்டேன்.

ஊசி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் பயணத்தை விட வேண்டியதில்லை. அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் திரும்பும்போது அந்தக் கடிதத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள், ஆறு நாள் தனிமை வரலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழியும் உண்டு. லண்டன் மாதிரி அபாயப் பட்டியலில் இல்லாத ஊரில் சொந்தக்காரர் இருந்து, விசாவும் கிடைத்தால், திரும்பும் வழியில் அங்கே ஒரு வாரம் தங்கிவிட்டு வரலாம். ஆறு நாள் அங்கேயே கழிந்துவிடும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, நீங்கள் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கீழே போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து வீணாகிவிடலாம், பெட்டி தொலைந்தாலும் ஆபத்து. மருந்துச் சீட்டில் மருந்தின் பொதுப் பெயரை எழுதச் சொல்லுங்கள், நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்துக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நேரம் நம்மைவிட ஒன்பதரை மணி பின்னால். பயண நாளில் எந்த ஊசியை எப்போது, எவ்வளவு போடுவது என்று மருத்துவரிடம் மணிக்கணக்காகத் தாளில் எழுதி வாங்குங்கள். இதை வாயால் கேட்டுக்கொண்டு போகாதீர்கள், விமானத்தில் குழம்பிவிடும்.

சாப்பாட்டுக்கு அம்மா கவலையே பட வேண்டாம். அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மக்கள் இந்திய வம்சாவளி. பாகற்காய் கிடைக்கும், 'கரைலி' என்பார்கள். நீளமான காராமணிக்காய் 'போடி'. கீரை, பூசணி, பருப்பு எல்லாம் உண்டு. தெருவில் டபுள்ஸ் விற்பார்கள், இரண்டு மெல்லிய பொரித்த ரொட்டிக்கு நடுவே கொண்டைக்கடலை. சைவம்தான், சுடச்சுடக் கட்டிக் கொடுப்பார்கள். அவர்கள் மிளகாய் நம் மிளகாயை விடக் கடுமை, "ஸ்லைட் பெப்பர்" என்று சொல்லுங்கள். ஆனால் அது மைதா, எண்ணெய். அம்மாவுக்கு மாதம் ஓரிரு முறை போதும். பாட்டில் பானங்களில் சர்க்கரை அதிகம், அதைத் தொட வேண்டாம். குடிநீரை நான் நான்கு வருடமும் காய்ச்சித்தான் குடித்தேன்.

அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 811, போலீஸ் 999, தீயணைப்பு 990. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே வீட்டு முகவரியையும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். மாமா வேலைக்குப் போயிருக்கும்போது அக்காவுக்கு வலி எடுத்தால், அம்மாவே போன் செய்து அதைப் பார்த்துப் படிக்க வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன் வீட்டில் இரண்டு மூன்று தடவை படித்துப் பழகட்டும். எனக்கு வலி எடுத்த ராத்திரி என் அம்மா அப்படித்தான் படித்தார்.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முதல் நாளே அம்மாவைக் கூட்டிப் போய் அறிமுகம் செய்துவிடுங்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மையார் கேட்டைத் தட்டி, "இன்று அந்தத் தெரு வழியாகப் போகாதே மகளே" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை, அவர் சொன்ன வழியில் போனேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள் தம்பி.

தல்லாகுளம் கார்த்தி:

அக்கா, முடிவு வந்துவிட்டது. மருத்துவர் போடலாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் இரண்டு பேரும் கிண்டி போகிறோம். அம்மா இப்போதே முகவரியைப் படிக்கத் தொடங்கிவிட்டார். அப்பாதான் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார்.